அட்டாவின் கோட்டை: அட்டன்பரோ என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

காந்தி படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோவை நமக்குத் தெரியும். புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டு கொரில்லாவைப் பற்றிக் கிசுகிசுக்கும் அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோவை அதைவிட நன்றாகத் தெரியும். அண்ணன் தம்பி இருவரும் இவ்வளவு பிரபலமாக இருப்பதால், இங்கிலாந்தில் தெருவுக்கு நாலு அட்டன்பரோ இருப்பார்கள் என்று தோன்றிவிடுகிறது. உண்மை நேர்மாறு. பிரிட்டனில் ஸ்மித் என்ற பெயர் மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் உண்டு. அட்டன்பரோ அரிய பெயர்களின் வரிசையில் இருக்கிறது. கொஞ்ச காலம் முன்பு வரை அந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் நாட்டின் நடுப்பகுதியில், ஒரே ஆற்றுப் படுகையைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் மூலத்தைத் தேடுகிறவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம். பெயருக்கு இணையான ஊர் இருக்கிறது. வரைபடத்தில் பெயரின் பரவல் தெளிவாகத் தெரிகிறது. டிஎன்ஏ சோதனையும் நடந்திருக்கிறது. மூன்றும் ஒரே பெயருக்கு ஒருசேரக் கிடைப்பது அபூர்வம். கூடவே, பெயரின் முதல் பாதியில் ஒரு பொறியும் இருக்கிறது. அகராதியை மட்டும் நம்பிப் போகிறவர்கள் அதில் விழ வாய்ப்பு அதிகம்.

கேள்வி இதுதான். அட்டன்பரோ என்ற ஒரு குறிப்பிட்ட ஊரிலிருந்து கிளம்பியவர்களின் பெயரா இது? அல்லது 'கோட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்' என்பதுபோல, பல இடங்களில் பல பேருக்குத் தனித்தனியாக ஒட்டிக்கொண்ட பெயரா? முதலாவது என்றால் இன்றுள்ள அட்டன்பரோக்கள் ஒரு மூலையிலிருந்து வந்தவர்கள். இரண்டாவது என்றால் பெயர் ஒன்றாக இருப்பது வெறும் தற்செயல்.

ஊர்

நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றின் வடகரையில் இருக்கிறது அட்டன்பரோ. இப்போது நகரத்தின் புறநகர்ப் பகுதிபோல ஆகிவிட்டது. நாட்டிங்ஹாமிலிருந்து டார்பிக்குப் போகும் ரயில் பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிலையம் உண்டு. பழைய தூய மரியாள் தேவாலயம் ஒன்று உண்டு. பக்கத்து ஊர்களான சில்வெல்லுக்கும் டோட்டனுக்கும் ஒரு காலத்தில் அதுதான் தாய்க்கோயில்.

ஊரின் தெற்கே பெரிய பெரிய ஏரிகள் கிடக்கின்றன. பார்த்தால் காலம் காலமாக இருப்பவைபோலத் தோன்றும். ஆனால் எல்லாம் சரளைக்கல் தோண்டிய குழிகள். 1929இல் தோண்ட ஆரம்பித்தார்கள், குழிகளில் தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன. 1966இல் அது இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டபோது திறந்துவைக்க வந்தவர் டேவிட் அட்டன்பரோ. ஊர்ப் பெயரைத் தன் பெயராக வைத்திருப்பவர், அந்த ஊரிலேயே நாடா வெட்டுகிறார். அவரைக் கூப்பிட்டவர்களுக்கு இந்தப் பொருத்தம் தெரியாமலா இருந்திருக்கும்!

ஊர்ப் பெயரின் பழைய வடிவம் 12ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் 'அடின்பர்கா' என்று வருகிறது. இதைப் பிரித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கின்றன. முதலில் ஒரு ஆளின் பெயர். அட்டா அல்லது எட்டி. ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் சாதாரணமாக வைத்துக்கொண்ட பெயர்கள்தான் இரண்டும். நடுவில் 'இங்' என்ற இணைப்பு. 'அவருடைய', 'அவரைச் சார்ந்த' என்ற பொருள் தருவது. கடைசியில் 'புர்ஹ்'. அதாவது அரண் கட்டிய இடம், கோட்டை. ஆக, அட்டாவுக்கு உரிய கோட்டை.

இங்கே ஒரு சின்னச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். நான் 'அட்டா' என்று எழுதியிருப்பதை நீங்கள் வல்லோசையோடு படித்திருப்பீர்கள். தமிழில் 'ட்ட' என்று இரட்டித்தால் வேறு வழியில்லை. ஆனால் மூலப்பெயரில் இருப்பது 'படம்', 'குடம்' என்பவற்றில் வருகிற மெல்லிய டகரம், அதுவும் இரட்டித்தது. அதைக் காட்ட நம் எழுத்தில் வசதியில்லை. இதைச் சொல்லக் காரணம், இந்தப் பெயரின் கதையே அந்த மெல்லிய டகரம் வல்லோசையாக மாறியதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. 'அடின்' என்பது எப்போதோ 'அட்டன்' ஆனது. ஆனதும் அது வேறொரு சொல்லைப்போல ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

புர்ஹ் என்ற சொல் ஐரோப்பா முழுக்கக் கிடக்கிறது. ஹாம்பர்க், எடின்பரோ, கேன்டர்பரி எல்லாவற்றின் வாலிலும் அதுதான். நம் பக்கம் 'கோட்டை'யில் முடியும் ஊர்களைப்போல. பட்டு மழவராயரின் கோட்டை பட்டுக்கோட்டை ஆனது என்று சொல்வார்கள். அட்டாவின் கோட்டையும் அதே தினுசுதான்.

'அட்டன்' என்ற பொறி

இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இன்னதன் அருகில்' என்று பொருள். ஊருக்குள் நாலு ஜான் இருந்தால் எந்த ஜான் என்று கேட்பார்கள். சாம்பல் மரத்தடி ஜான் என்று பதில் வரும். 'அட்டன் ஆஷ்'. அதுவே நாளடைவில் ஒரு தலைமுறையோடு நிற்காமல் பிள்ளைகளுக்கும் ஒட்டியது. பிரிக்கும்போது 'ன்' முன்சொல்லை விட்டுப் பின்சொல்லோடு போய்விட்டது. இன்று அந்தப் பெயர் 'நாஷ்'. கருவாலி மரங்களடியில் இருந்தவர் 'நோக்ஸ்' ஆனார். தண்ணீர் சூழ்ந்த மேட்டில் இருந்தவர் 'நை' ஆனார்.

சரி, அப்படியானால் அட்டன்பரோ என்பது 'அட்டன் பரோ', கோட்டையருகே இருந்தவர் என்றுதானே ஆக வேண்டும்? குடும்பப் பெயர் அகராதிகளில் இந்த வழியும் ஒரு சாத்தியமாகச் சொல்லப்படுவதுண்டு. பார்க்க ஒழுங்காகப் பொருந்துகிறது. என் கணிப்பில், ஒழுங்காகப் பொருந்துவதுதான் இதில் சந்தேகத்துக்குரிய விஷயம்.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று இலக்கணப் பால் உண்டு. புர்ஹ் பெண்பால். பெண்பாலுக்கு முன்னால் வர வேண்டியது 'அட்டன்' அல்ல, 'அட்டர்'. அதோடு, 'அருகில்' என்று சொல்லும்போது வேற்றுமை மாறுவதால் புர்ஹ் என்பது 'பைரிக்' என்று திரியும். அதிலிருந்து பிறப்பது 'பரி'. 'பரோ' அல்ல. ஆக, கோட்டையருகே இருந்தவரின் பெயர் இலக்கணப்படி 'அட்டர்பரி' என்று வர வேண்டும். வந்தும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ராச்செஸ்டர் ஆயராக இருந்து, அரசியல் சதியில் சிக்கி நாடு கடத்தப்பட்ட ஃபிரான்சிஸ் அட்டர்பரியின் குடும்பப் பெயர் அதுதான். அட்டர்பரியும் அட்டன்பரோவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போலத் தெரிகின்றன. பிறந்த வீடு வேறு வேறு.

இதை முற்றும் முடிந்த தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். குடும்பப் பெயர்கள் உறைந்துகொண்டிருந்த 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பால் வேறுபாடுகள் பேச்சில் கரைந்துகொண்டிருந்தன. அட்டனும் அட்டரும் கலந்தே வழங்கின. ஆனால் அந்தக் கலப்புக் காலத்திலும் 'அட்டன்' முக்கியமாக உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால்தான் தன் 'ன்'னைக் காப்பாற்றிக்கொண்டது. மெய்யெழுத்துக்கு முன்னால் அது 'அட்' என்று தேய்ந்துவிடும். அட்வுட், அட்வெல், அட்வாட்டர் என்ற பெயர்களைப் பாருங்கள். 'ப'வுக்கு முன்னால் 'ன்' முழுசாக நிற்கிறது என்றால் அது வேறெங்கிருந்தோ வந்த 'ன்'. 'அடின்' என்பதில் அது முதலிலிருந்தே இருக்கிறது.

ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது. மேடு, குன்று என்று பொருள்படும் 'பெயோர்க்' ஆண்பால் சொல். தோப்பு என்ற பொருளுள்ள 'பெயாரு'வும் ஆண்பால். 'அட்டன் பாரோ' என்று அவற்றிலிருந்து ஒரு பெயர் பிறக்க இலக்கணத் தடை அவ்வளவாக இல்லை. அட்டன்பாரோ, அட்டன்பொரோ, அட்டன்பர்ரோ என்று எழுத்து வேறுபட்ட பெயர்கள் உண்மையாகவே புழக்கத்தில் உள்ளன. ஆனால் இதை வைத்து வீடு கட்ட முடியாது. பங்குக் கோயில் பதிவேட்டில் பெயரை எழுதியவர் குருவானவரோ கணக்கரோதான். பெயருக்குச் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் எழுதத் தெரியாது. கடைசி அசை அழுத்தம் இல்லாமல் 'ப்ரா' என்று முனகலாக விழும். கேட்டவர் தன் காதுக்கு எட்டியபடி எழுதுவார். அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் மகன் பெயர் இன்னொரு விதமாகவும் பதிவானது அன்று அதிசயமே இல்லை.

ஆவணத்தில் கிடைக்கும் பழைய பெயர்களைச் சோதிக்க இன்னொரு எளிய வழியும் இருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து ஆளைக் குறிப்பிடும்போது இடைக்கால எழுத்தர்கள் 'டி' என்ற பிரெஞ்சு-லத்தீன் முன்சொல்லைப் போடுவார்கள். இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்று. மரம், மேடு, கோட்டை என்று பொதுச்சொல்லை வைத்துக் குறிப்பிட்டால் 'அட்டே' போடுவார்கள். அட்டனின் குறுகிய வடிவம் அது. 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் இந்தச் சின்னச் சொல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பியவருக்குத்தான் ஊர்ப் பெயர்

இதே அட்டன்பரோவில் 1611இல் பிறந்தவர் ஹென்றி அயர்ட்டன். ஆலிவர் குரோம்வெல்லின் மருமகன், முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவர் அட்டன்பரோக்காரர், ஆனால் பெயர் அயர்ட்டன். காரணம், அவருடைய குடும்பம் பக்கத்து மாவட்டமான டார்பிஷயரில் இருக்கும் அயர்ட்டன் என்ற ஊரிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பெயருக்கே 'அயர்லாந்துக்காரர்களின் பண்ணை' என்று பொருள். ஆக, அயர்லாந்துக்காரர்களின் பெயரைத் தாங்கிய டார்பிஷயர் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு குடும்பம், அட்டாவின் கோட்டையில் குடியிருந்தது. இதில் யார் எந்த இனம் என்று கேட்க ஆரம்பித்தால் தலை சுற்றும்.

ஊர்ப்பெயர்க் குடும்பப் பெயர்களின் அடிப்படை விதி இதில் அடங்கியிருக்கிறது. அட்டன்பரோவில் இருக்கும் வரை யாரும் உங்களை அட்டன்பரோ என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லாரும் அட்டன்பரோக்காரர்கள்தான். கிளம்பி அடுத்த ஊருக்குப் போனால்தான் அந்தப் பெயர் ஒட்டும். நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கவிஞர் கல்யாணசுந்தரம் பிறந்தது செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூர். சென்னைக்கு வந்ததும் அவர் பட்டுக்கோட்டையார் ஆகிவிட்டார்.

ஆகவே மூல ஊரைத் தேடுகிறவர்கள், பெயர் அதிகம் இருக்கும் புள்ளியைத் தேடக்கூடாது. பெயர் கூட்டமாக இருக்கும் வட்டாரத்தைக் கண்டுபிடித்து, அந்த வட்டத்துக்குள்ளோ விளிம்பிலோ அதே பெயரில் ஊர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பெயர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இடம்பெயராமல் கிடக்கின்றன. கல்யாணத்துக்குப் பெண் தேடுவதும், பண்ணை வேலைக்கு ஆள் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் ஒரே சுற்றுவட்டாரத்துக்குள். குடும்பம் ஊர் மாறினாலும் அந்த வட்டத்தைத் தாண்டியது குறைவு.

இதை முதலில் ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர் ஹென்றி பிரௌம் கப்பி என்ற மருத்துவர், இயற்கையியலாளர். 1890இல் வெளியான தன் ஆய்வில் அவர் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நகரவாசிகள், கூலிகள், பிரபுக்கள் எல்லாரையும் ஒதுக்கிவிட்டு, மாவட்ட வணிகக் கையேடுகளிலிருந்து விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். நிலத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பவர்தான் இடத்தை விட்டு நகராதவர் என்பது அவர் கணக்கு. தாவரங்களின் பரவலை ஆராய்ந்தவருக்கு வரக்கூடிய யோசனைதான் இது. வேர் உள்ளதை எண்ணு, காற்றில் பறப்பதை விடு.

இப்போது அவ்வளவு சிரமம் வேண்டாம். 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதையும் தன்னார்வலர்கள் பெயர் பெயராகப் படியெடுத்துவைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர். ரயில் வந்து ஆட்களைக் கலைக்கத் தொடங்கியிருந்தாலும் கார் இன்னும் வரவில்லை. குடும்பப் பெயர் வரைபடம் போடுகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப அந்த ஆண்டுக்குப் போவது அதனால்தான். அதில் அட்டன்பரோ என்று தேடினால் நாட்டிங்ஹாம்ஷயர் அடர்த்தியாகத் தெரியும். அதை ஒட்டி, எரிவாஷ் ஆற்றுக்கு அக்கரையில் டார்பிஷயர் ஓரம். அதாவது, அட்டன்பரோ ஊரைச் சுற்றிய பகுதி. தெற்கு இங்கிலாந்தில் எத்தனையோ கோட்டை ஊர்கள் இருந்தும் அங்கெல்லாம் இந்தப் பெயர் தனியாக முளைத்ததற்கான திட்டுகள் இல்லை. 'கோட்டையருகே' என்ற விளக்கம் சரியாக இருந்தால் புர்ஹ் இருந்த ஊர் தோறும் பெயர் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்க வேண்டும். ஸ்மித் அப்படித்தான் தெறித்துக் கிடக்கிறது. கொல்லன் இல்லாத ஊர் ஏது?

லண்டனில் மட்டும் ஒரு திட்டு உண்டு. அதற்கு மொழியியல் விளக்கம் தேவையில்லை. லண்டன் எல்லாப் பெயரையும் இழுத்தது. ஆனால் அங்கே இந்தப் பெயருக்கு ஒரு தனி வாழ்க்கை அமைந்தது. விக்டோரியா காலத்து லண்டன்வாசியிடம் அட்டன்பரோ என்று சொல்லியிருந்தால் அவருக்கு அடகுக் கடை ஞாபகம்தான் வந்திருக்கும். அந்தப் பெயரில் நகரத்தில் பல அடகுக் கடைகள் நடந்தன. ஃப்ளீட் தெருவில் சான்சரி லேன் முனையில் இருந்த கடை அதில் ஒன்று. மாதக் கடைசியில் வெள்ளிக் கரண்டியும் சட்டைப்பைக் கடிகாரமும் போய் உட்காரும் இடம். நம் ஊரில் 'சேட்டு கடை' என்றதும் மனதில் வருவது அவர்களுக்கு 'அட்டன்பரோ' என்றதும் வந்தது. இன்று அதே பெயரைக் கேட்டால் திமிங்கலமும் பனிக்கரடியும் வருகின்றன. ஒரு அரிய பெயரின் மணம் ஒரு குடும்பத்தால் முழுக்க மாறிவிடலாம். ஸ்மித்துக்கு அது நடக்கவே நடக்காது.

எல்லாரும் பங்காளிகளா?

சொல்லும் வரைபடமும் ட்ரென்ட் கரை ஊரைக் காட்டுகின்றன. ஆனால் ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் பத்துத் திசைக்குக் கிளம்பியிருக்கலாமே. பத்துப் பேருக்கும் அட்டன்பரோ என்ற பெயர் ஒட்டியிருக்கும். அவர்களுக்குள் ரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமில்லை. அதைச் சொல்லிலும் வரைபடத்திலும் காண முடியாது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அப்படியே. இரண்டும் ஒன்றாகப் பயணப்பட்டிருந்தால், ஒரே பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம் ஒத்துப்போக வேண்டும். நம் சொல்லில் சொன்னால், அவர்கள் பங்காளிகளா என்று பார்க்கிறார்கள். 2006இல் அவர்கள் குழு வெளியிட்ட முதல் ஆய்வில், ஒரே பெயருள்ள 150 ஜோடி ஆண்களைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட கால்வாசி ஜோடிகளுக்கு நெருங்கிய பொது மூதாதை இருந்தார். அரிய பெயர்களை மட்டும் எடுத்தால் அது பாதியைத் தொட்டது.

2009இல் அடுத்த ஆய்வு. 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். ஒரு பெயருக்குள் எத்தனை பேர் ஒரே மூதாதையின் கொத்துக்குள் அடங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சராசரி 62 விழுக்காடு. ஸ்மித் போன்ற பெயர்களில் கொத்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தெருவில் போகும் யாரோ இருவரை எடுத்தால் என்ன உறவோ அதுதான். மறுமுனையில், 40 பெயர்களிலேயே உச்சத்தில் நின்றது அட்டன்பரோ. 87 விழுக்காடு. பத்தில் ஒன்பது அட்டன்பரோக்கள் என்றே சொல்லலாம், பங்காளிகள்.

இந்த எண்ணுக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. இங்கிலாந்து ஆண்களில் பெரும்பான்மையினர் ஆர்1பி என்ற ஒரே பெரிய ஹேப்ளோகுழுவை, அதாவது ஒய் குரோமோசோமின் ஒரே பெரிய கிளையைச் சேர்ந்தவர்கள். அதற்குள் இருவர் ஒத்துப்போனால் 'தற்செயலாக இருக்கலாம்' என்று தள்ளிவிட முடியும். அட்டன்பரோக்களின் கொத்து அதில் இல்லை. ஈ1பி1பி1 என்ற கிளையில் இருக்கிறது. மத்தியதரைக் கடலோரம், பால்கன், வட ஆப்பிரிக்கா என்று பரவிய கிளை அது. பிரிட்டனில் மிகக் குறைவு. கூட்டத்தில் எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டியிருக்கும்போது இருவர் வெள்ளை வேட்டியில் வந்தால் அது செய்தியல்ல. பலரும் ஊதா வேட்டியில் வந்தால் ஒரே வீட்டுத் துணி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பலர் தடம் புரள்கிறார்கள். பால்கன் கிளை என்றதும் ரோமானியப் படைவீரர், அவர்கள் வட பிரிட்டனில் கட்டிய ஹேட்ரியன் சுவர் என்று கதை கட்டத் தோன்றும். பிரிட்டனில் இந்தக் கிளை இருப்பதற்கு ரோமானியப் படையை ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் குடும்பப் பெயர் பிறந்தது ரோமானியர்கள் போய் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் கழித்து. நடுவில் இருக்கும் அத்தனை தலைமுறைகளைப் பற்றி இந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. அதே மாதிரி, இவர்கள் அட்டாவின் வாரிசுகள் என்பதும் பிழை. அட்டா கோட்டைக்குப் பெயர் தந்தவர். குடும்பப் பெயருக்கு மூலவர், பல நூறு ஆண்டுகள் கழித்து அந்த ஊரைவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய யாரோ ஒருவர்.

இன்னொரு தடம் புரளல் இன்னும் நுணுக்கமானது. 87 விழுக்காடு என்றதும் 'ஆகவே பெயரை முதலில் ஏற்றவர் ஒருவரே' என்று முடித்துவிடுவது. ஆய்வாளர்களே இதை ஏற்கவில்லை. பெயர் தொடர மகன் வேண்டும். மூன்று பெண்களைப் பெற்றவரின் கிளை அத்தோடு முடிந்தது. 1873இலேயே ஃபிரான்சிஸ் கால்டன் இந்தப் புதிரைப் போட்டார், அடுத்த ஆண்டு ஹென்றி வாட்சன் என்ற குருவானவர் கணக்கு வைத்து விடை சொன்னார். அந்தக் கணக்கின்படி, ஒரு பெயரை ஐந்து பேர் தொடங்கியிருந்தாலும், ஏழு நூற்றாண்டு கழித்து நாலு பேரின் கிளை அற்றுப்போய் ஒருவருடையது மட்டும் தழைத்து நிற்பது சாதாரணம். கொள்ளைநோயும் தற்செயலும் செய்யும் வேலை. கொத்துகளின் பொது மூதாதைகள் பலரும் பெயர் பிறந்த காலத்தைவிடப் பிந்தியவர்களாக இருந்தார்கள். பெயரின் வகைக்கும் கொத்தின் அளவுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஊர்ப்பெயரோ தொழில்பெயரோ, எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு.

வீட்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 700 ஆண்டு என்றால் சுமார் 22 தலைமுறை. தத்தெடுப்பு, தாயின் பெயரை ஏற்பது, அப்புறம் யாரும் வெளியே சொல்லாத காரணம், இவற்றால் ஒரு தலைமுறையில் நூற்றுக்கு ஒருவர் மட்டும் கோட்டிலிருந்து விலகுகிறார் என்று வைத்துக்கொண்டாலே, 22 தலைமுறை கழித்து எண்பது பேர்தான் மூல ஒய் குரோமோசோமோடு மிஞ்சுவார்கள். அந்த ஆய்வோ தலைமுறைக்கு 1 முதல் 4.5 விழுக்காடு வரை மதிப்பிடுகிறது. அட்டன்பரோக்கள் 87. அவர்கள் வீட்டில் மட்டும் எல்லாரும் ராமர்கள் என்று நம்பலாம். அல்லது, இன்றைய கொத்தின் பொது மூதாதை பெயரின் தொடக்கத்தில் இல்லை, நடுவழியில் எங்கோ இருக்கிறார் என்று கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

அரச குடும்பமே இதிலிருந்து தப்பவில்லை. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் கீழே மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தபோது, அதன் டிஎன்ஏ பணியை நடத்தியவர் இதே டூரி கிங். தாய்வழி பொருந்தியது. தந்தைவழி, ஆவணப்படி பங்காளிகளாக இருக்க வேண்டியவர்களோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ கோடு அறுந்திருந்தது. மன்னர் வீட்டில் அப்படி என்றால் ட்ரென்ட் கரைக் குடியானவனிடம் கேள்வி கேட்பது நியாயமில்லை.

ஆக, வழக்கின் நிலவரம் இது. பெயர் ட்ரென்ட் கரை அட்டன்பரோவிலிருந்து கிளம்பியது என்பதற்கு இலக்கணமும் வரைபடமும் வலுவான சாட்சிகள். டிஎன்ஏ அந்தக் கேள்விக்கே வரவில்லை. இன்று உயிரோடிருக்கும் அட்டன்பரோக்களில் பெரும்பாலானவர்கள் ஒரே ஆளின் பேரப்பிள்ளைகள் என்பதைத்தான் அது சொன்னது. அந்த ஆள் முதல் அட்டன்பரோவா, பிழைத்துக்கிடந்த அட்டன்பரோவா என்பது வேறு கேள்வி. மேட்டடி, தோப்படி அட்டன்பாரோக்கள் சிலர் அந்த மிச்சம் 13 விழுக்காட்டுக்குள் ஒளிந்திருக்கவும் இடமுண்டு.

கோட்டை உடைத்தால் அபராதம்

டேவிட், ரிச்சர்டின் அப்பா ஃபிரெடெரிக் அட்டன்பரோ வளர்ந்தது ஸ்டேப்பிள்ஃபோர்டில். அட்டன்பரோ ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள், சைக்கிளில் அரை மணி நேரம். இளம் வயதில் படித்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் எரிவாஷ் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லாங் ஈட்டனில். பெயர் பிறந்து அத்தனை நூற்றாண்டு ஆகியும் குடும்பம் அதே வட்டத்துக்குள் இருந்தது. கப்பி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பிறகு அவர் கேம்பிரிட்ஜ் போனார், 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1948இல் உள்ளூர் வரலாற்றுக்கென்று இங்கிலாந்தில் தனித் துறை தொடங்கியது அவர் காலத்தில்தான், அங்கேதான். 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்ததும் அதே வளாகம். கடைசியில், முதல்வரின் குடும்பப் பெயரை ஆய்வு மேசையில் வைத்துப் பிரித்ததும் அதே வளாகம்.

ஃபிரெடெரிக்கின் சொந்தப் படிப்பு ஆங்கிலோ-சாக்சன் மொழி. பழைய ஆங்கில மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து, இக்கால ஆங்கிலத்தில் பெயர்த்து 1922இல் வெளியிட்டார். ஆல்ஃப்ரெட் மன்னரின் சட்டங்களும் அதில் உண்டு. அவற்றில் 'புர்ஹ்' உடைப்புக்கு, அதாவது அரணை மீறி உள்ளே புகுந்தால், ஒரு அபராதப் பட்டியல் வருகிறது. மன்னரின் புர்ஹ் என்றால் 120 ஷில்லிங். பேராயருடையது 90. ஆயர், மாகாணத் தலைவருடையது 60. உயர்குடியாளருடையது 30, அதற்கடுத்த தரத்தாருடையது 15. சாமானியனுக்கு புர்ஹ் என்ற சொல்லே கிடையாது, அவனுக்கு வேலிதான். வேலியை உடைத்தால் 5.

தன் பெயரின் பின்பாதியில் நிற்கும் சொல்லுக்கு அவர் வரி வரியாக ஷில்லிங் கணக்கை ஆங்கிலப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார். ஆல்ஃப்ரெடின் சட்டம் வெசெக்ஸ் என்ற தெற்கு ராஜ்யத்துக்கு உரியது, அட்டா இருந்தது மெர்சியா என்ற நடுப்பகுதி ராஜ்யத்தின் பக்கம். ஆனாலும் இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால், அட்டாவின் இடத்தை ஊரார் புர்ஹ் என்று அழைத்திருக்கிறார்கள், வேலி என்று அல்ல. ஆகவே குறைந்தது 15 ஷில்லிங் ஆசாமி.